லேண்ட்லைனும் வேணும், அடுக்களை வரைக்கும் வைஃபையும் வேணும்: 3,000 ரூபாய்க்குள்ள எந்த மோடம்?

மாயவரத்து மருமகள்

வணக்கம். எங்களுது மாயவரத்துல பழைய நீட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அதுக்குப் பின்னால அடுக்களை, கொல்லை. செவுரு ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி கனம். பிஎஸ்என்எல் லேண்ட்லைனை ஃபைபருக்கு மாத்துறோம், பழைய நம்பர் அப்படியே வருமாம். மோடம் நாமளே வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க.

மாமியாருக்கு அந்த போன் இல்லாம முடியாது. காது கொஞ்சம் மந்தம், செல்போனைக் கையில கொடுத்தா தானா எங்கேயோ கால் போயிடுது. கட்டில் பக்கத்துல பெரிய பட்டன் வச்ச போன் ஒண்ணு இருக்கு, அதான் அவங்க உலகம். கும்பகோணத்து நாத்தனார்ல இருந்து சீர்காழி சித்தி வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம் அந்த நம்பர்தான்.

எனக்கு வைஃபைதான் கவலை. தையல் ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல வருது, நான் பாதி நேரம் அடுக்களையில. எடுக்கப்போறது 60 எம்பிபிஎஸ் பிளான்.

கடையில போன் ஜாக் வச்ச சிங்கிள் பேண்ட் மோடம் 1,300, டூயல் பேண்ட் 2,800. நாலு ஆண்டெனா வச்ச ரூட்டர் 1,600க்கு இருக்கு, "வைஃபை பிச்சுக்கிட்டுப் போகும், எடுங்க"ங்கறார் கடைக்காரர். போன் எங்க சொருகறதுன்னு கேட்டா, "அதுக்கு அடாப்டர் இருக்கு"ங்கறார். எதை வாங்க?

கண்ணாடிக்கம்பி

மேடம், நான் ராஜபாளையம் பக்கம் ஃபைபர் வேலை பாக்குறவன். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி உங்க ஏரியா ஆபரேட்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, லைன் ஜிபானா (GPON) இபானா (EPON)? ஃபைபர் லைன்ல இது ரெண்டு வகை. மாத்தி வாங்கினா லைனே பிடிக்காது. எக்ஸ்பான்னு போட்டிருந்தா ரெண்டுலயும் ஓடும். ஆனா சில இடத்துல எதிர்முனை மெஷினுக்கு ஒத்துப்போற பிராண்ட்தான் ஒழுங்கா வேலை செய்யும். அதனால மாடல் பேரைச் சொல்லியே கேட்டுடுங்க.

ரெண்டாவதுதான் முக்கியம்: "இந்த மோடம்ல வாய்ஸ் கான்ஃபிகர் பண்ணித் தருவீங்களா?" இதுல நெட் வேற, போன் வேற. போனுக்கு தனியா சிப் (SIP, நெட் வழியா போன் பேசுற முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு ஏத்தணும். அதை ஏத்தலைன்னா ஜாக் இருந்தும் டயல்டோன் வராது. நெட் வந்ததும் கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பப் பார்ப்பாங்க. மாமியார் போன்ல ஒரு கால் போய், ஒரு கால் வந்த பிறகு விடுங்க.

நாலு ஆண்டெனா ரூட்டர்ல ஃபைபர் நேரா சொருக முடியாது. கடைக்காரர் சொல்ற அடாப்டர் ஏடிஏ (சாதா போனை நெட்டோட சேக்கிற சின்னப் பெட்டி), கிராண்ட்ஸ்ட்ரீம் HT801 மாதிரி. நல்ல சாமான்தான். ஆனா சிப் பாஸ்வேர்டு உங்க கைக்கு வரணும், அதை லேசுல தரமாட்டாங்க. பட்ஜெட்டையும் முழுங்கிடும்.

என் ஓட்டு 2,800 டூயல் பேண்டுக்கு. ஒரே பெட்டி, ஒரே வாரண்டி.

மாடிப்படி

அண்ணே, போன் விஷயம் நீங்க சொன்னது சரி. வைஃபைக்கு ஒத்துக்க மாட்டேன். சிங்கிள் பேண்ட்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும், டூயல் பேண்ட்ல கூடுதலா கிடைக்கிறது 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் உண்டு, ஆனா செவுத்தைக் கண்டாலே படுத்துடும். மோடம் ரேழியில இருந்தா ஒன்றரை அடி செவுரு ரெண்டு தாண்டி அடுக்களைக்கு வர்றது 2.4 தான், அதுவும் நொண்டிக்கிட்டே. 1,500 ரூபாய் கூடக் கொடுத்து ரேழியில மட்டும் வேகமா ஓட்டி என்ன பண்றது?

மேடம், உங்க விலையையே கூட்டிப் பாருங்க. 1,300 மோடம், 1,600 ரூட்டர், மொத்தம் 2,900. மோடம் ரேழியில, போன் அதுல. அங்கிருந்து ஒரு லேன் கேபிள் இழுத்து ரூட்டரைக் கூடத்துல, அடுக்களை வாசலுக்கு நேரா உயரமா வையுங்க. செட்டிங்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு இருக்கும் (மோடத்துல இருந்து வர்ற நெட்டை வைஃபையா பரப்புற வேலை மட்டும்), அதுல போடுங்க. ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்தா நடக்க நடக்க செல்போன் தானா மாறிக்கும் (சில செல்போன் பழசையே பிடிச்சுட்டுத் தொங்கும், அப்போ வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க). முற்றம் வழியா கேபிள் போகும்னா வெயில் மழை தாங்குற அவுட்டோர் கேபிளா கேளுங்க.

ஆண்டெனா எண்ணிக்கையைப் பாத்து எதையும் வாங்காதீங்க. அது கடைக்காரங்களுக்குப் பிடிச்ச கணக்கு.

ரோசட் பாக்ஸ்

நான் டெலிபோன் லைன்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். போன் கட்டில் பக்கத்துல, மோடம் ரேழியிலன்னா நடுவுல ஒயருக்கு என்ன வழின்னு யாரும் கேக்கலையே.

வீட்டுக்குள்ள ஓடுற பழைய டெலிபோன் ஒயரையே பயன்படுத்தலாம். மோடத்தோட போன் ஜாக்ல இருந்து சின்ன ஒயர் எடுத்து ரேழி ரோசட் பாக்ஸ்ல (செவுத்துல டெலிபோன் ஒயர் சேர்ற சின்னப் பெட்டி) சேத்துட்டா கட்டில் பக்கத்து போன்ல டயல்டோன் வந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி வெளியே கம்பத்துல இருந்து வர்ற ஜோடியைக் கழட்டியே ஆகணும். அந்தச் செம்புக் கம்பியில எக்ஸ்சேஞ்சோட 48 வோல்ட் இன்னும் இருக்கலாம். ரெண்டும் மோதினா மோடத்தோட போன் போர்ட் போயிடும்.

போன்ல டோன், பல்ஸ்னு சுவிட்ச் இருந்தா டோன்ல இருக்கான்னு பாருங்கம்மா. பல மோடத்துக்குப் பல்ஸ் புரியாது.

இன்னொண்ணு. அந்தக் காலத்துல கரண்ட் போனாலும் போன் பேசும், பவர் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வந்துச்சு. ஃபைபர்ல மோடம் அணைஞ்சா போனும் அணைஞ்சுது. வயசானவங்க இருக்கிற வீடு, 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம் போடுங்க. லேண்ட்லைன்ல இருந்து செல் நம்பருக்கு முன்னாடி 0 போடுறது, 2021 ஜனவரி 15ல இருந்து வந்ததே, ஃபைபர்லயும் அதேதான்.

மாயவரத்து மருமகள்

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர்கிட்ட கேட்டேன். ஜிபானாம். 1,300 மோடத்துல வாய்ஸ் போட்டுத் தர்றேன்னுட்டார். டூயல் பேண்டைப் பத்திக் கேட்டதுக்கு "பாக்கலாம்"னு இழுத்தார், அதனால மாடிப்படி சொன்ன வழிக்கே போறேன். கேபிளும் யூபிஎஸ்ஸும் சேர்ந்தா 3,000 தாண்டும். யூபிஎஸ்ஸை மாமியாரே வாங்கித் தர்றாங்களாம், "என் போனுக்குத்தானே"ன்னு. ஒரு சந்தேகம்: ஒரே யூபிஎஸ்ல மோடம், ரூட்டர் ரெண்டும் போடலாமா?

ரோசட் பாக்ஸ்

ரெண்டு அடாப்டர்லயும் எழுதியிருக்கிறதைப் படிங்கம்மா. ரெண்டும் 12 வோல்ட்டா இருந்து, ஆம்பியரைக் கூட்டினது யூபிஎஸ் தர்றதுக்குள்ள இருந்தா போடலாம். ரூட்டர் 9 வோல்ட்டுன்னா சேக்காதீங்க. சந்தேகம்னா மோடத்துக்கு மட்டும் போடுங்க, போன் அதுலதானே இருக்கு.