விரல் மூட்டு விலகியது. முறிவு இல்லை என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். கைப்பந்து ஆடும்போது என் தம்பிக்கு வலது மோதிர விரலின் நடு மூட்டு பின்பக்கமாக விலகிவிட்டது. கூட ஆடிய பையன் அங்கேயே இழுத்துச் சரிசெய்துவிட்டான். மறுநாள் கையை எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று அனுப்பினார்கள். ஒரு வாரமாகியும் வீக்கம் வடியவில்லை, விரலைச் சரியாக மடக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில் 1:
புத்தூர் கட்டுப் போடுங்கள். என் மாமாவுக்கு முழங்கை அப்படித்தான் சரியானது.

பதில் 2:
நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவன். தம்பிக்குக் கையைப் பரப்பி நேராக ஒரு படமும், சாய்த்து ஒரு படமும் எடுத்திருப்பார்கள். அது போதாது. நடு மூட்டு பின்னால் விலகும்போது உள்ளங்கைப் பக்கத்துத் தடித்த சவ்வு, எலும்பின் ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துவிடலாம். நேர்ப்படத்தில் அந்தச் சில்லு எலும்பின் நிழலுக்குள் மறைந்துவிடும். மற்ற விரல்களை மடக்கி, அந்த ஒரு விரலை மட்டும் சரியான பக்கவாட்டில் எடுக்க வேண்டும். வலியில் கையைத் திருப்ப மறுப்பவருக்கும் பஞ்சு அணை கொடுத்து, பொறுத்திருந்து எடுத்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

அந்தப் படத்தில் மூட்டின் இரண்டு பரப்புகளும் இணையாக ஓட வேண்டும். புறங்கைப் பக்கம் ஆப்புச் செருகியதுபோல் இடைவெளி விரிந்திருந்தால், மூட்டு இன்னும் முழுதாக உட்காரவில்லை. சில்லு மூட்டுப் பரப்பில் 40 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டு நிலைக்காது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். சிறிய சில்லு என்றால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, சீக்கிரமே அசைக்கச் சொல்வார்கள்.

விரல்களை முடிந்தவரை மடக்கச் சொல்லியும் பாருங்கள். நுனிகள் கட்டைவிரலின் அடிப்பகுதியை நோக்க வேண்டும். ஒன்று பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு முறுகியிருக்கலாம். அதைப் படத்தைவிடக் கண்ணே நன்றாகக் காட்டும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பக்கவாட்டுப் படமே இல்லை, நாளை எடுக்கிறோம். அது சரியாக இருந்தால் புத்தூர் கட்டுப் போடலாமா? அம்மாவும் அதைத்தான் சொல்கிறார்.

பதில் 2:
அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: இனி யாரும் இழுக்கவோ நீவவோ வேண்டாம். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் கட்டி வைத்தால் இந்த மூட்டு விறைத்துப்போகும். படம் சரியாக இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம், நடு மூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கிறதா என்று கேளுங்கள். எலும்பு முறியாமலே அது அறுவதுண்டு. விட்டுவிட்டால் சில வாரங்களில் நடு மூட்டு மடங்கியும் நுனி மேல்நோக்கியும் நின்றுவிடும். பழைய படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.