ஆமைக்குஞ்சு கண் திறக்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கிறது. என்ன செய்யலாம்?

சுடர்_சென்னை:
ரெட் இயர்டு ஸ்லைடர் குஞ்சு. ஓடு 4 செ.மீ., எடை 14 கிராம். கொளத்தூரில் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கின்றன. 5 நாளாக எதுவும் சாப்பிடவில்லை. நேற்றிலிருந்து நீந்தும்போது இடது பக்கம் சாய்கிறது. கொடுத்தது காய்ந்த இறால் மட்டும். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, விளக்கு எதுவும் இல்லை, இரவில் ஏ.சி. ஓடும். வைட்டமின் ஏ மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா?

ஓட்டுவீடு:
மாத்திரை வேண்டாம். 14 கிராம் உயிருக்கு அளவு கூடினால் தோல் உரிந்து புண்ணாகிவிடும். கண் வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவுதான், காய்ந்த இறாலில் அது மிகக் குறைவு. ஆனால் இப்போது அவசரம் கண் இல்லை, சாய்வு. சாய்ந்து நீந்துவது, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது எல்லாம் நிமோனியாவின் அறிகுறி. அதற்கு ஊசி மருந்து வேண்டும், எடை பார்த்து மருத்துவர்தான் போட முடியும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு இன்றே கிளம்புங்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். மருத்துவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமைக்கு விஷம், எக்காரணம் கொண்டும் போடக் கூடாது.

நீர்மட்டம்:
போகும் வரைக்கும், வந்த பிறகும், முக்கியம் சூடு. ஆமைக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும், மருந்தும் சரியாக வேலை செய்யாது. 28 டிகிரி வைத்திருங்கள். ஒரேயடியாக ஏற்றாமல் மணிக்கு 1–2 டிகிரியாக ஏற்றுங்கள்.

ஆழம் 4–5 செ.மீ. போதும். நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டினால் மூக்கு வெளியே வரவேண்டும், இல்லையென்றால் களைத்துப்போய் மூழ்கிவிடும். இவ்வளவு ஆழமில்லாத நீரில் ஹீட்டரைப் போடாதீர்கள், பாதி வெளியே தெரிந்தால் வெடிக்கும். பெரிய டப்பில் தண்ணீர் ஊற்றி ஹீட்டரை அதில் முழுக்க மூழ்க வையுங்கள். குஞ்சு இருக்கும் சின்ன டப்பாவை அதற்குள் மிதக்க விட்டால் சூடு பரவிவிடும். இரவில் அந்த அறையில் ஏ.சி. போடாதீர்கள்.

சுடர்_சென்னை:
இப்போது அளந்தேன், தண்ணீர் 23 டிகிரி. ஓட்டை அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறது. ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் தொட்டியை மாற்றிவிடவா?

ஓட்டுவீடு:
வேண்டாம். வெயிலில் இருக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர்தான் ஓடு கெட்டியாக உதவும், ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும், சூடு மட்டும் உள்ளே வரும். கண்ணாடித் தொட்டி சீக்கிரமே அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். குஞ்சுகளின் ஓடு கொஞ்சம் வளையும், ஆனால் மெத்தென்று அமுங்கினால் கால்சியமும் யு.வி.பி.யும் போதவில்லை. 5.0 என்று குறித்த யு.வி.பி. குழல்விளக்கை 25–30 செ.மீ. உயரத்தில், நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் வையுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். குஞ்சு தண்ணீரிலிருந்து ஏறிக் காயும் மேடையின் சூடு 32–33 டிகிரி. சாய்வு சரியான பிறகு, காலை 8 முதல் 9 மணிக்குள் பிளாஸ்டிக் டப்பில் பாதி நிழலோடு 15 நிமிடம் வெயில். பக்கத்திலேயே நில்லுங்கள், காகம் தூக்கிவிடும்.

கண்ணுக்கு நார்மல் சலைனில் (மருந்துக் கடை உப்புநீர்) நனைத்த பஞ்சு, நாளைக்கு இருமுறை மென்மையாக. மனிதருக்கான சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், விடாதீர்கள்.

பாசிக்குளம்:
உணவை வலுக்கட்டாயமாகத் திணிக்க வேண்டாம், தாடை உடைந்துவிடும். இது தண்ணீருக்குள்தான் விழுங்கும். கண் தெரியாததால் மண்புழுத் துண்டை வாய்க்கு முன் அசைத்துக் காட்டுங்கள், வாசனைக்குத் திரும்பும். தேறியதும் குஞ்சுகளுக்கான பெல்லட் (குருணைத் தீவனம்), அதன் தலையளவு தினமும் ஒருமுறை. வாரம் ஒருமுறை மிளகளவு கோழி ஈரல். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாய் ஓடு) சுரண்டித் தூவினால் கால்சியம் சேரும். தினமும் எடை பாருங்கள். 14 கிராமில் 2 கிராம் குறைந்தால் பெரிய இழப்பு.

தண்ணீர் தினமும் மாற்றுங்கள், அதே வெப்பநிலையில், குளோரின் நீக்கி. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி ஒட்டும். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.