தைராய்டு மந்தமா, குறைசுரப்பா? வெள்ளிக்குள் அச்சுக்குப் போகணும்

சுங்கை சிப்புட்டிலிருந்து (மலேசியா), திங்கள்

குழுவினருக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்தில் ரத்தப் பரிசோதனை முகாம். அதற்குத் துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காத நோயைப் பற்றியது. ‘ஹைப்போதைராய்டிசம்’ என்று போட்டால் தோட்டத்து அக்காமார் அந்தத் தாளில் வெற்றிலை மடிப்பார்கள். உள்ளே இப்படி எழுதியிருக்கிறேன்: “தூங்கி எழுந்தும் அலுப்பு தீரவில்லை, ஊரே வேர்க்கும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறது, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், சாப்பாடு கூடாமலே எடை ஏறுகிறது, குரல் கம்முகிறது, மாதவிலக்கு அதிகம் போகிறது. இவற்றில் சில சேர்ந்து மாதக்கணக்கில் இருந்தால், வயதாகிவிட்டது என்று விடாமல் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.” தலைப்புதான் வரவில்லை. ‘தைராய்டு மந்தம்’ சரியா? (மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. நத்தை ஆற்றங்கரைக்குப் பொருத்தமான சொல்தான்!)

ஈப்போவிலிருந்து

அம்மா, தைராய்டுக்கே தமிழ் வைக்காமல் மந்தத்துக்குப் போகலாமா? கிரேக்கத்தில் அது கதவு போல் நீண்ட கேடயம். தாமஸ் வார்ட்டன் 1656-இல் சுரப்பிக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உண்மையில் கேடயம் போலிருப்பது பக்கத்துக் குருத்தெலும்பு. சுரப்பியோ வண்ணத்துப்பூச்சி போலத்தான் இருக்கிறது. ‘கேடயச் சுரப்பி’ புழக்கத்தில் உண்டு. ஆனால் கேடயம் வடசொல். மந்தமும் அப்படியே. சங்கத் தமிழில் கேடயத்துக்குத் தோல், கிடுகு என்று சொற்கள் இருக்கின்றன. பட்டினப்பாலையில் நடுகல்லைச் சுற்றிக் கிடுகு நிரைத்திருக்கும். ஆகவே ‘கிடுகுச் சுரப்பி’.

தைப்பிங்கிலிருந்து

ஐயா, கிடுகு என்றால் என் பாட்டிக்குக் கூரை வேயும் ஓலை. இங்கே அதுவும் போய் அத்தாப்பு ஆகிவிட்டது. கழுத்தில் அத்தாப்பு என்றால் யார் ரத்தம் கொடுக்க வருவார்கள்? ‘தோல் சுரப்பி’ என்றாலோ சொறி சிரங்குக்கு மருந்து கேட்பார்கள்.

தஞ்சாவூரிலிருந்து

மந்தம் வேண்டாம் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன், காரணம் வேறு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் திட்டும் சொல் அது. பிறவியிலேயே இந்தக் குறை உள்ள குழந்தைக்கு மருந்து தாமதமானால் அறிவு வளர்ச்சி பாதிக்கும். உங்கள் நாட்டு அரசு மருத்துவமனைகளில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிப்பது அதற்காகத்தான். அந்தத் தாயிடம் ‘மந்தம்’ என்று எப்படிச் சொல்வது? என் பரிந்துரை ‘குறைசுரப்பு’. வினைத்தொகை. குறைந்த, குறைகின்ற, குறையும் சுரப்பு. முக்காலமும் அடங்கும், நோயும் அப்படித்தான். எதிர்ச்சொல் ‘மிகுசுரப்பு’.

ஈப்போவிலிருந்து

குறைப்பிரசவத்தில் ‘ப்’ மிகுகிறதே! ‘குறைச்சுரப்பு’ அல்லவா?

தஞ்சாவூரிலிருந்து

குறைகுடம் கூத்தாடும் என்கிறோம். அங்கே ‘க்’ எங்கே போயிற்று?

(இதன் மேல் பதினோரு மடல்கள் வந்தன. நன்னூலும் வந்தது. வெட்டிவிட்டேன். - சுங்கை சிப்புட்)

கோலகங்சாரிலிருந்து, புதன் இரவு

நான் மருந்துக் கவுன்டரில் நிற்பவள். ‘ச்’ வந்தாலும் வராவிட்டாலும் எனக்குச் சரி. என் கவலை வேறு. தைராய்டு குறைந்தால் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லும் இயக்குநீர்) எண் கூடும். போன மாதம் ஓர் அத்தை, “எனக்குத் தைராய்டு கூடிப்போச்சு” என்று மாத்திரையைத் தானே பாதியாக்கிவிட்டு, கால் வீங்கி வந்து நின்றார். நான் சொன்னேன்: “அத்தை, டி.எஸ்.எச். தைராய்டு இல்லை, மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்). மூளைக்கு அடியில் உட்கார்ந்து சத்தம் போடுவது அதுதான். கழுத்தில் வேலை நடக்காவிட்டால் மண்டோர் இன்னும் கத்துவார். எண் கூடினால் வேலை குறைந்தது என்று அர்த்தம்.” உடனே புரிந்துகொண்டார். எந்தச் சொல் வைத்தாலும் அதில் ‘குறை’ கண்ணுக்குத் தெரியட்டும். கிடுகில் அது இல்லை.

இன்னொன்று. துண்டறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ‘இயற்கை முறையில் குணப்படுத்த’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் அக்கா. ‘மருந்தோடு பேணுதல்’ போதும். அயோடின் உப்பு போதுமான அளவு, மீன், முட்டை, நடை, தூக்கம், சரி. கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்கினால் அயோடின் மிஞ்சி நிலைமை மோசமாகலாம். வேகவைத்த முட்டைக்கோஸுக்குப் பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடணும். கோப்பி, சோயா பால் எல்லாம் அதற்கு அப்புறம். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. கர்ப்பம் என்று தெரிந்ததும் கிளினிக்குக்குப் போகணும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தைப்பிங்கிலிருந்து

மரவள்ளியைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அதைத் தின்றுதானே உயிர் பிழைத்தார்கள். அயோடின் இல்லாமல் மரவள்ளி மட்டுமே சாப்பாடு என்றால் கழுத்தில் கழலை வரும். இப்போது எப்போதாவது அவித்துச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஈப்போவிலிருந்து

மண்டோர் மலாய்ச் சொல். கண்+காணி, கங்காணி என்ற நல்ல தமிழ் இருக்க, டி.எஸ்.எச்.-ஐக் ‘கங்காணி இயக்குநீர்’ என்றால் என்ன?

சுங்கை சிப்புட்டிலிருந்து, வியாழன்

ஐயா, கோபிக்க வேண்டாம். கங்காணி ஆள்கட்டு, அதாவது தோட்டத்துக்கு ஊரிலிருந்து கூலியாட்களைப் பிடித்துவரும் முறை, 1938-இல் நின்றது. என் தாத்தாவுக்குச் சாகும்வரை அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் மாறிவிடும். நோயாளி கையில் அதைக் கொடுக்க மாட்டேன். மண்டோரே இருக்கட்டும், இன்றைக்கும் தோட்டத்தில் அவர்தான் கத்துகிறார்.

கை தூக்கியவர்கள் ஐந்து பேர்: தலைப்பு ‘தைராய்டு குறைசுரப்பு’. கீழே அடைப்புக்குள் ‘தைராய்டு வேலை குறைதல்’. தைராய்டு தைராய்டாகவே இருக்கும்.

ஈப்போவிலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்க. கிடுகு.

சுங்கை சிப்புட்டிலிருந்து, வெள்ளி

அச்சகத்துத் தம்பி தானாகவே ‘குறைச்சுரப்பு’ என்று ‘ச்’ போட்டு 500 தாள் அடித்துவிட்டான். தஞ்சாவூர் அண்ணனிடம் யார் சொல்வது?