பாரம்பரிய அரிசிக்கு மாறினால் வயலும் மாறுமா?

கேள்வி: மந்தைவெளி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாகப் பொன்னிப் புழுங்கலை விட்டுவிட்டு, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, தூயமல்லி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சமைத்து வருகிறோம். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த அரிசி உடலுக்கும் மண்ணுக்கும் காற்றுக்கும் நல்லது என்று மயிலாப்பூரில் நான் வாங்கும் கடையில் சொல்கிறார்கள். ஆனால் நெல் வயல்களிலிருந்து மீத்தேன் வெளியாகி வானத்தைச் சூடாக்குகிறது என்று மகளின் பாடப்புத்தகத்தில் படித்த பிறகு எனக்கு ஓர் ஐயம் எழுந்துள்ளது. எந்த இரகமானாலும் நெல் தண்ணீரில்தானே நிற்கிறது? நான் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வயலில் உண்மையிலேயே எதையாவது மாற்றுகிறதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மண்ணியல் ஆசிரியர் (ஓய்வு), தாம்பரம்

அம்மா, உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் வேர்களையும் தழைகளையும் தின்று மீத்தேனை உருவாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 27 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஆகவே நீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதே முதல் கணக்கு. இரகத்தின் பெயர் அதற்குப் பின்னால்தான் வருகிறது. காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல் ஏறத்தாழ ஆறு மாதப் பயிர். ஆடுதுறை 36 என்ற புதிய இரகம் சுமார் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இரண்டையும் இடைவிடாமல் நீரில் நிறுத்தி வைத்தால், நீண்ட நாள் பயிரே மீத்தேனை அதிகம் வெளியிட வாய்ப்பு உண்டு. பாரம்பரிய நெல்லின் விளைச்சலும் குறைவு என்பதால், ஒரு கிலோ அரிசிக்கு எனக் கணக்கிட்டால் வேறுபாடு இன்னும் கூடும். பாரம்பரிய நெல்லை நேசிக்கும் நண்பர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். எனக்கும் அந்த நெல்லின் மீது மதிப்பு உண்டு என்பதால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் கணக்கு அத்துடன் முடிவதில்லை. 1966-இல் வெளியான ஐ.ஆர். 8 என்ற அதிக விளைச்சல் நெல் இரகத்துக்குத் தைவான் நெல் ஒன்றிலிருந்து குட்டைத் தன்மை வந்தது. அதற்கு முன்பு, உயரமாக வளரும் நம் சம்பா இரகங்களுக்குத் தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) அள்ளிப் போட்டால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். குட்டைப் பயிர் சாயாது என்பதாலேயே மூட்டை மூட்டையாக யூரியா இடும் வழக்கம் பரவியது. பயிர் எடுத்துக்கொள்ளாமல் மிஞ்சும் தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது; கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வீரியமுள்ளது அது. உயரமான நெல் இந்த வகையில் தன் உழவரைத் தானே கட்டுப்படுத்துகிறது. உங்கள் பணம் வாங்கித் தருகிற உண்மையான சுற்றுச்சூழல் நன்மை இதுவே என்பது என் கருத்து.

மறுமொழி: ஏரிப்பாசன உழவர், உத்திரமேரூர் பக்கம்

ஐயா எழுதியதை வயலிலிருந்து ஆமோதிக்கிறேன். நாங்கள் சொர்ணவாரிப் பருவத்தில் குறுகிய கால நெல்லும், சம்பாப் பருவத்தில் ஒன்றரை ஏக்கரில் கிச்சிலியும் பயிரிடுகிறோம். என் தந்தையார் காலத்தில் ஏரி நிறைந்திருந்தால் மதகைத் திறந்துவிட்டு வயலில் எந்நேரமும் நீர் தளும்ப வைத்திருப்பார்கள். அதுவே செழிப்பின் அடையாளம் என்ற எண்ணம் இருந்தது. இப்போது நான் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறேன். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் ஊன்றி, மண்மட்டத்துக்குக் கீழே சுமார் 15 சென்டிமீட்டர் வரை நீர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுவேன். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடுவதில்லை. அப்போது காய்ந்தால் பதராகிவிடும். இம்முறையில் தண்ணீர் மிச்சமாவதோடு மீத்தேனும் வெகுவாகக் குறையும் என்று பயிற்சியில் சொன்னார்கள். காற்றில் குறைந்ததை நான் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மோட்டார் ஓடும் நேரம் குறைந்ததைப் பார்க்கிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இயற்கை உரம் என்பதாலேயே எல்லாம் நன்மை ஆகிவிடாது. தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியையோ பச்சை வைக்கோலையோ மடக்கி உழுது உடனே நீர் கட்டினால், அந்தச் சேற்றில் மீத்தேன் கூடத்தான் செய்யும். நன்கு மட்கிய தொழுவுரம் இட்டால் அந்தச் சிக்கல் குறைவு. நானும் முதல் இரண்டு ஆண்டுகள் இது தெரியாமல் தழையை மடக்கிய அன்றே நீர் கட்டினேன்.

வைக்கோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். நெட்டை நெல்லில் வைக்கோல் அதிகம். அது மாட்டுக்குப் போகும், மாட்டுச் சாணம் வயலுக்கு வரும். குட்டை நெல்லும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். டெல்டாவில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்து விதைப்பார்கள். அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும். கனமான இயந்திரம் வயலில் இறங்கினால் முளைவிட்ட உளுந்து நசுங்கிவிடுகிறது என்று அங்குள்ள உறவினர்கள் சொல்கிறார்கள். நகரத்தில் ஒரு கிலோ உளுந்து என்ன விலை விற்கிறது என்பதோடு இதற்கும் தொடர்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மறுமொழி: உணவியல் மாணவி, அடையாறு

ஒரு சிறு சேர்க்கை. மாப்பிள்ளைச் சம்பாவின் சிவப்பு நிறம் தவிட்டுப் படலத்தில்தான் இருக்கிறது. ஆலையில் முழுவதும் தீட்டிவிட்டால் நிறமும் போகும், பி-1 உயிர்ச்சத்தின் பெரும்பகுதியும் போகும். அதன் பிறகு அது பெயரளவில் மட்டுமே மாப்பிள்ளைச் சம்பா. மாறாக, சாதாரண நெல்லையும் புழுங்கலாக்கினால் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஓரளவு இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் அது எஞ்சும். நீங்கள் கைவிட்ட பொன்னிப் புழுங்கல் அவ்வளவு மோசமான உணவு அல்ல, அம்மா.

மந்தைவெளி வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. தூயமல்லி வெள்ளையாக இருப்பது இயல்பு என்று தெரியும். ஆனால் போன மாதம் வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவும் ஏறத்தாழ வெளுப்பாக இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்துபோனேன் என்பதை இப்போது வருத்தத்துடன் நினைக்கிறேன். உழவர் ஐயாவிடம் ஒரு கேள்வி: கடைக்காரரிடம் இனி நான் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ஏரிப்பாசன உழவர், உத்திரமேரூர் பக்கம்

இரகத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அம்மா. எந்த ஊர் நெல், எந்தப் பருவத்தில் விளைந்தது, தண்ணீரைக் கட்டி வைத்தார்களா காயவிட்டுப் பாய்ச்சினார்களா, நெல்லுக்குப் பிறகு அந்த நிலத்தில் என்ன விதைத்தார்கள், எத்தனை முறை தீட்டினார்கள் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், நெல் கொடுத்தவரைக் கேட்டுச் சொல்லும்படி கேளுங்கள். என்னிடம் அரிசி வாங்கும் சென்னைக் குடும்பங்கள் விலையைத்தான் கேட்கிறார்கள். தண்ணீரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சம்பா அறுவடை தை மாதத்தில். விருப்பம் இருந்தால் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். வயலில் ஊன்றிய குழாயையும் அதில் நீர் இறங்கியிருக்கும் மட்டத்தையும் நேரில் காட்டுகிறேன்.