பனிக்கால ட்ராவுட்டுக்கு மிட்ஜ் புழு ஃப்ளை

கேள்வி: ஜனவரியில் ட்ராவுட் மீன் பிடிக்க, அமெரிக்காவில் கொலராடோவின் சவுத் பிளாட் ஆற்றுக்கு, டெக்கர்ஸ் பக்கம் போகிறேன். 22ஆம் எண் என்ற மிகச் சிறிய தூண்டில் முள்ளில் மிட்ஜ் (கொசு போன்ற சிறு பூச்சி) புழு மாதிரி ஃப்ளை, அதாவது நூல் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டினால் தடித்துப் போகிறது, முள்ளின் கண்ணே (நரம்பு கோக்கும் துளை) அடைபடுகிறது. என்ன செய்யலாம்? சிவப்பா, கறுப்பா?

பதில் 1: நூல்தான் காரணம். 50 டெனியர் அளவுள்ள மெல்லிய நூலுக்கு மாறுங்கள். பாபினை (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி) இடஞ்சுழியாகச் சுழற்றினால் முறுக்கு அவிழ்ந்து நூல் தட்டையாகிவிடும், அப்படியே ஒரே அடுக்காகச் சுற்றி, மேலே மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டு ஓட்டினால் உடம்பு வளையம் வளையமாக வந்துவிடும். இறகெல்லாம் எதற்கு?

பதில் 2: சிவப்பு கட்டாயம். சேற்றில் வாழும் மிட்ஜ் புழுக்கள் பலவற்றுக்கு ஹீமோகுளோபின் உண்டு, அந்த நிறம்தான் அது. ஆனால் என்னைக் கேட்டால் நிறத்தைவிட ஆழம் முக்கியம். குளிரில் மீன் மந்தமாக அடியிலேயே கிடக்கும், வாய்க்கு நேரே வந்தால்தான் எடுக்கும். ஃப்ளை அடிவரை இறங்க, சின்ன ஈயக் குண்டு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: விடியற்காலையில் போய் விறைக்க வேண்டாம், 10 மணிக்கு மேல் போதும். அப்புறம், மிதவை லேசாகத் தயங்கினாலே தூண்டிலைத் தூக்கிவிடுங்கள்.