இடியில் போன லேன் போர்ட், புதிய கார்ட், டெபியன் 12: "அன்மேனேஜ்ட்" என்று நிற்குது

கல்லடிப்பாலம் (கேள்வி)

வணக்கம். கல்லடியில் ஒரு கொமினிகேஷன் கடை டெஸ்க்டொப். டெபியன் 12 லினக்ஸ், க்னோம் டெஸ்க்டொப். ஐப்பசி இடியில் மதர்போர்டில் இருந்த லேன் போர்ட் போயிற்று, லைட்டும் எரியுதில்லை. ரியல்டெக் சிப் உள்ள பிசிஐ-இ கிகாபிட் கார்ட் ஒன்று போட்டிருக்கு. பழைய போர்ட்டின் பெயர் இஎன்பி2எஸ்0, புதியது இஎன்பி3எஸ்0. மற்ற இரண்டு கொம்பியூட்டரும் இதில் பூட்டியிருக்கிற பிரிண்டருக்குத்தான் அனுப்பும், அதனால் 192.168.1.50 என்ற மாறாத ஐபி (வலையில் இதன் முகவரி) வேணும். ரூட்டர் 192.168.1.1.

/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் பைலில் புதிய கார்டுக்கு ஸ்டாட்டிக் என்று போட்டு அட்ரஸ், நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ்-நேம்சேர்வர்ஸ் (தளப் பெயரை ஐபி ஆக்கித் தரும் சேர்வர்) வரிகள் எழுதியாச்சு. பழைய போர்ட்டின் ஓட்டோ, டிஎச்சிபி (ரூட்டரிடம் ஐபி கேட்டு வாங்கும் முறை) வரிகளும் அதிலேயே கிடக்கு.

1. பூட் ஆகும்போது நெட்வொர்க் வரியில் நிமிடக்கணக்கில் நிற்குது.
2. "என்எம்சிஎல்ஐ டிவைஸ்" (நெட்வொர்க்மேனேஜரின் கட்டளை) போட்டால் இரண்டு போர்ட்டுக்கும் நேரே "அன்மேனேஜ்ட்". செட்டிங்ஸில் கை வைக்கேலாது.
3. ரூட்டருக்கும் 8.8.8.8க்கும் பிங் போகுது. தளத்தின் பெயரைப் போட்டால் ஒன்றும் திறக்குதில்லை. ரிசொல்வ்.கொன்ஃப் பைலில் நேம்சேர்வர் எழுதினால் திறக்குது, ரீபூட் பண்ணினால் எழுதினது அழிஞ்சு போகுது.
4. பெரிய பைல் அனுப்பினால் செக்கனுக்கு 11 எம்பிக்கு மேல் ஏறுதில்லை.

அக்கரை_லினக்ஸ்

தம்பி, முதல் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். டெபியனில் ஒரு இன்டர்ஃபேசைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருக்காங்க: பழைய இஃப்அப்டவுன், புதிய நெட்வொர்க்மேனேஜர். இன்டர்ஃபேசஸ் பைலில் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தால் நெட்வொர்க்மேனேஜர் அதைத் தொடாது. அதுதான் "அன்மேனேஜ்ட்". கார்ட் பழுதில்லை. பிங் போகுது என்றால் டிரைவரும் சரி, ரியல்டெக்கின் ஆர்8168 டிரைவரை இறக்கிப் போடச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீங்க.

பூட் நிற்பது பழைய போர்ட்டால். சிப் பாதி உயிரோடு பிசிஐ பட்டியலில் தெரியுது, ஆனால் லிங்க் இல்லை. ஓட்டோ, டிஎச்சிபி என்று இருப்பதால் ஐபி தருவதற்கு ஆள் வரும் என்று காத்திருக்கு. அந்த நெட்வொர்க்கிங் சேவைக்குக் கொடுத்திருக்கும் உச்ச நேரம் 5 நிமிடம்.

பெயர் திறக்காததுக்குக் காரணம் டிஎன்எஸ்-நேம்சேர்வர்ஸ் வரி. ரிசொல்வ்கொன்ஃப் மாதிரிப் பொதி ஒன்று நிறுவியிருந்தால்தான் அந்த வரிக்குப் பலன், இல்லாவிட்டால் அது சும்மா கிடக்கும். அதே நேரம் நெட்வொர்க்மேனேஜர் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் ரிசொல்வ்.கொன்ஃபைத் தன் பாட்டுக்குத் திருப்பி எழுதும். தன் கையில் ஒரு இன்டர்ஃபேசும் இல்லாததால் நேம்சேர்வர் இல்லாத வெறும் பைலைத்தான் எழுதும்.

டெஸ்க்டொப் என்றபடியால் எல்லாவற்றையும் நெட்வொர்க்மேனேஜரிடமே கொடுங்க. கட்டளைகளை வாசிக்கிற மாதிரி எழுதுறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்க. ஒழுங்கு முக்கியம்.

முதலில் "சுடோ இஃப்டவுன் இஎன்பி3எஸ்0". பைலில் வரிகள் இருக்கும்போதே இதைச் செய்யணும். வரிகளை அழித்த பிறகு இஃப்டவுனுக்கு அந்தப் பெயரே தெரியாது, பழைய ஐபி கார்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு இன்டர்ஃபேசஸ் பைலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, சோர்ஸ் வரியையும் "எல்ஓ" லூப்பேக்கின் (கொம்பியூட்டர் தன்னோடு தானே பேசும் இன்டர்ஃபேஸ்) இரண்டு வரிகளையும் மட்டும் விட்டு மற்றதை எல்லாம் எடுங்க.

அடுத்தது பயோஸ். ஒன்போர்ட் லேனை டிசேபிள் பண்ணுங்க. இதைக் கடைசிக்கு வைக்காதீங்க. பெயரில் உள்ள எண் பிசிஐ பஸ் எண், ஒரு சாதனத்தை அணைத்தால் பின்னால் இருக்கிற எண்கள் மாறலாம். இஎன்பி3எஸ்0 என்று எல்லாம் எழுதி முடித்த பிறகு அது வேறு பெயரோடு வந்து நிற்கும். ஆகவே பெயரையே நம்பாமல் மேக் முகவரியில் (கார்டிலேயே பதிந்திருக்கும் எண்) கட்டுங்க. "ஐபி லிங்க்" போட்டால் "லிங்க்/ஈதர்" என்பதற்குப் பக்கத்தில் அது தெரியும்.

"சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஆட் டைப் ஈதர்நெட் கொன்-நேம் கடை இஃப்நேம்", அதற்குப் பக்கத்தில் ஒற்றை மேற்கோளுக்குள் நட்சத்திரக் குறி, தொடர்ந்து "மேக்" என்று அந்த முகவரி. பிறகு ஐபிவி4.மெதட் மேனுவல், ஐபிவி4.அட்ரஸஸ் 192.168.1.50/24, ஐபிவி4.கேட்வே 192.168.1.1, ஐபிவி4.டிஎன்எஸ் 192.168.1.1. எல்லாம் ஒரே வரியில். அந்த /24 (192.168.1 முழுதும் ஒரே வலை என்று சொல்வது) விடுபட்டால் /32 (இந்த ஒரு ஐபி மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ரூட்டர் வழியாக நெட் ஓடினாலும், பக்கத்து மேசைக் கொம்பியூட்டர் தன் வலைக்குள் இருப்பது இதற்குத் தெரியாது, பிரிண்ட் சிக்கல் புதிதாகத் தொடங்கும்.

ரூட்டருக்குள்ளே போய் டிஎச்சிபி கொடுக்கும் வரம்பையும் பாருங்க. 50 அதற்குள் விழுந்தால், வரம்பை 100இலிருந்து தொடங்க வையுங்க. இல்லாவிட்டால் என்றோ ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவரின் போனுக்கு அதே ஐபி போய்விடும்.

நெட்வொர்க்மேனேஜர்.கொன்ஃபில் "மேனேஜ்ட்=ட்ரூ" என்று மாற்றினால் போதும் என்று சிலர் சொல்லுவாங்க. வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கார்டில் கை வைப்பாங்க, பிறகு எந்த ஐபி எங்கே இருந்து வந்தது என்று தேடுறதே வேலையாகும்.

கல்முனை_கேபிள்

நாலாவதுக்கு நான். 11 எம்பி என்றால் லிங்க் 100 மெகாபிட்டில் நிற்குது. "சுடோ ஈத்டூல்" போட்டுக் கார்டின் பெயரைக் கொடுங்க, ஸ்பீட் வரியில் தெரியும். "சுடோ டிமெஸ்ஜ்" (கர்னலின் பதிவு) வெளியீட்டில் "டவுன்ஷிப்ட்" (வேகம் இறங்கியது) என்று ஒரு வரி இருந்தால் கேபிளைப் பார்க்கச் சொல்லி கர்னலே சொல்லுது.

100க்கு 1, 2, 3, 6 என்ற நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு கம்பி விட்டாலும் நெட் ஓடும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகும். பூட்டும் தலையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்க. கல்லடி கடற்கரைப் பக்கம், உப்புக் காற்றில் தகடுகளின் அடியில் பச்சைக் களிம்பு படியும். துடைத்துப் பயனில்லை. இரண்டு அங்குலம் பின்னுக்கு வெட்டி, புதுத் தலை போட்டு நெருக்குங்க. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

வெட்டின துண்டில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசின அலுமினியம், நெருக்கும் இடத்திலேயே முறியும். முழுச் செம்பு கேட்-5இ வாங்கி மாற்றிவிடுங்க.

இடி நேரம் கரண்ட் பிளக்கைக் கழற்றினது மட்டும் காணாது, லேன் வயரையும் கழற்றணும். கேபிள் வெளிச்சுவர் வழியாக அடுத்த கட்டடத்துக்குப் போகுது என்றால் அந்தத் துண்டுக்கு ஃபைபர்தான் நல்லது.

கல்லடிப்பாலம்

அக்கரை நானா சொன்ன மாதிரியே, பயோஸில் அணைத்ததும் கார்டின் பெயர் இஎன்பி2எஸ்0 ஆகிட்டு. மேக்கில் கட்டினதால் ஒன்றும் குழம்பவில்லை. பூட் உடனே வருது, பெயர்களும் திறக்குது. மண்ணிறக் கம்பி தலைக்குள் முறிஞ்சிருந்தது, மாற்றினதும் ஈத்டூல் 1000 காட்டுது.

இன்னொன்று. லைன் போன நேரம் யூஎஸ்பி வைஃபை டொங்கிளால் போன் ஹொட்ஸ்பொட்டில் சேர்ந்தாலும் நெட் வருதில்லை. லேன் வயரைக் கழற்றினால் வருது, ஆனால் மற்றவர்களுக்குப் பிரிண்டர் நிற்குது.

அக்கரை_லினக்ஸ்

வழிகளுக்கு மெட்ரிக் என்று ஒரு எண் உண்டு, சிறியதுதான் முந்தும். நெட்வொர்க்மேனேஜர் வயருக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். ரூட்டர் உயிரோடு இருக்கும்வரை, அதற்கு அப்பால் லைன் இல்லாவிட்டாலும் எல்லாம் வயர் வழியாகத்தான் போகும்.

ஹொட்ஸ்பொட் இணைப்புக்கு மட்டும் "சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மொடிஃபை", அதன் பெயர், "ஐபிவி4.ரூட்-மெட்ரிக் 50 ஐபிவி4.டிஎன்எஸ்-ப்ரயோரிட்டி 50" என்று கொடுத்து, இணைப்பைக் கழற்றித் திரும்பச் சேருங்க. 192.168.1 வலைக்குள் போவதெல்லாம் நேராக வயரிலேயே போகும், பிரிண்டர் நிற்காது. ஓட்டோகனெக்டை மட்டும் "நோ" ஆக்கி வையுங்க. இல்லாவிட்டால் லைன் நன்றாக இருக்கும் நாளிலும் போன் டேட்டாதான் கரையும்.