சட்ட உதவி அமைப்புகளில் மாணவர்களைச் சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஐந்தாண்டு சட்டப் படிப்பு மாணவர்கள் ஆறு பேரை இலவச சட்ட உதவிப் பணிக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பணும். ஒரே இடத்தில் இரண்டு மாதம் வைக்கலாமா?

பதில் 1: தொடர்ச்சியா வைக்க முடியாதுங்க. இந்திய பார் கவுன்சிலின் (வழக்கறிஞர் மன்றம்) 2008 விதிப்படி ஐந்தாண்டு படிப்பில் குறைந்தது மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப், ஆனா எந்த ஆண்டிலும் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குக் கல்லூரிக் கடிதத்தோடு எழுதுங்க. ஒரு வழக்கறிஞருக்கு இரண்டு பேர் போதும். கூடினால் ஜெராக்ஸ் வேலைதான் மிஞ்சும்.

பதில் 2: ரிமாண்ட் கைதிகளின் (கோர்ட் உத்தரவில் விசாரணைக் காவலில் இருப்பவர்கள்) வழக்குக் கட்டுகளைக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு கட்டிலும் முதல் ரிமாண்ட் தேதி, குற்றப்பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி மூன்றையும் குறிக்கணும். குற்றப்பிரிவைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு. இந்த நாள் கணக்கு ரிமாண்டிலிருந்துதான், கைதான நாளிலிருந்து இல்லை. ரிமாண்ட் ஆன நாளும் சேரும். கெடு முடிந்த பின், குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போடாவிட்டால் அந்த ஜாமீன் உரிமையே போய்விடும். ஒரு நாள் பிசகினாலும் ஒரு மனுஷன் உள்ளேயே கிடப்பான்.

பதில் 3: சட்ட உதவி மனு வாங்கும்போது பெண்களிடமும் காவலில் இருப்பவர்களிடமும் வருமானச் சான்று கேட்கக் கூடாது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் அவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. புது மாணவர்கள் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். முதல் நாளே சொல்லிக்கொடுங்க.